கரண்ட்: ஓடுவது, நடப்பது, செல்வது

"கரண்ட் வந்துவிட்டதா?" என்று கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. நம் காதுக்கு இந்தச் சொல் என்றால் மின்சாரம், அவ்வளவுதான். ஆங்கிலத்திலோ அது முதலில் ஓடும் தண்ணீர். லத்தீனில் ‘குர்ரெரே’ என்றால் ஓடுதல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து, ஆற்றின் ஓட்டத்தையும் கடலின் ஓட்டத்தையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தை ஒருவகைப் பாய்மம் என்றே அறிவியலாளர்கள் பலரும் எண்ணினார்கள். ஆற்றுக்குரிய சொல் கம்பிக்கும் வந்தது அப்படித்தான்.

கைப்பேசி சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த 2 ஆம்பியர்தான் இயற்பியல் சொல்லும் கரண்ட்; தமிழில் மின்னோட்டம். எதையும் செருகாத பிளக் பாயின்டில் மின்னழுத்தம் உண்டு, மின்னோட்டம் கிடையாது. வீட்டில் நாம் கேட்பது மின்சாரத்தை, பாடப்புத்தகம் அளப்பது மின்னோட்டத்தை. இரண்டையும் மாற்றி எழுதிய மொழிபெயர்ப்பைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. படிக்கிற பிள்ளை அங்கேயே குழம்பிவிடும்.

வங்கியிலும் செய்தியிலும் வரும் ‘கரண்ட்’ என்ற சொல்லுக்கு ‘ஓட்டம்’ ஒட்டாது. அங்கே தமிழ் ‘நட’ என்ற வினையை எடுத்துக்கொண்டது: நடப்புக் கணக்கு, நடப்பு ஆண்டு, நடப்பு நிகழ்வுகள்.

கடலுக்கு நீரோட்டம் என்பது பொதுவழக்கு. தென்கடலோர மீனவர்களோ ‘நீவாடு’ என்பார்கள். அதன் போக்கறிந்து வலை விடுகிறவர்களின் சொல் அது. நம் புவியியல் நூல்கள் அதை எடுத்தாள வேண்டும் என்பது என் தீராத ஆசை.

கரன்சியும் இதே ‘ஓடு’ வேரில் பிறந்ததுதான். கைமாறி ஓடிக்கொண்டிருப்பது என்று பொருள். நம் பணமோ ஓடுவதில்லை, செல்கிறது. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் ‘செல்லாது’ என்றுதான் செய்தி பரவியது. செல்லாக்காசு, செல்லுபடி, செலவு எல்லாம் அந்த வினை தந்தவை. சங்கப் பாடல்களில் செலவு என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் கலங்கிய முகம் கண்டு பயணத்தைக் கைவிடுவான். அதற்குப் பெயர் செலவழுங்குதல்.