45 சதவீதம், சரி, எந்தக் கோட்டிலிருந்து?

சேலத்தில் எந்த கிரவுண்டுக்குப் போனாலும் கூடைப்பந்துப் பசங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு: அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் பெரிய ஷூட்டர் கர்ரியா, ஹார்டனா? கடைசியில் ஒருவன் செல்போனை எடுத்து, கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் த்ரீ பாயிண்ட் (மூன்று புள்ளி) ஷாட்டில் நூற்றுக்கு எத்தனை விழுந்தது என்ற சதவீதத்தைக் காட்டி வாயடைத்துவிடுவான். அந்த ஒற்றை எண்ணை நம்பினால் இருவரையும் விடப் பெரிய ஆள் கைல் கோர்வர்தான். 2009-10இல் அவருக்கு 53.6 சதவீதம். ஆனால் அந்த சீசன் முழுக்க அவர் எறிந்த த்ரீ பாயிண்ட் 110தான், விழுந்தது 59. ஸ்டீபன் கர்ரி 2015-16இல் 886 எறிந்து 402 போட்டார், 45.4 சதவீதம்.

ஜேம்ஸ் ஹார்டன் 2018-19இல் 1,028 எறிந்து 378. வெறும் 36.8 என்று உதடு பிதுக்குவார்கள். விழுந்ததை மூன்றால் பெருக்கி, எறிந்ததால் வகுத்துப் பாருங்கள்: ஷாட்டுக்கு 1.10 புள்ளி. இரண்டு புள்ளி ஷாட்டில் இதே வரவுக்கு 55 சதவீதம் போட்டாக வேண்டும். கர்ரிக்கு 1.36. அது இரண்டு புள்ளியில் 68 சதவீதத்துக்குச் சமம். ரிங்குக்கு அடியிலேயே நிற்பவருக்குத்தான் வாய்க்கும். இன்னொன்று, ஹார்டன் பெரும்பாலும் தானே பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போய் (டிரிபிள்), பின்னுக்கு ஓர் அடி வைத்து, முகத்துக்கு நேரே கை நீண்டிருக்கும்போது எறிந்தவர். கோர்வர் பெரும்பாலும் பாஸ் வாங்கிய கையோடு எறிந்தவர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கோடு நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மைக்கேல் ஜோர்டானே சாட்சி. 1994-95 முதல் மூன்று சீசன்களுக்கு என்.பி.ஏ. கோட்டைச் சுற்றிலும் 6.71 மீட்டராகக் குறைத்தது. 1995-96இல் அவர் 260க்கு 111 போட்டார், 42.7 சதவீதம். கோடு பழைய இடத்துக்குப் போன 1997-98இல் 126க்கு 30; 23.8. வயதும் ஒரு காரணம்தான். அதற்காக நேர் எதிரே அரை மீட்டர் தள்ளிப்போனதை ஒதுக்கிவிட முடியாது.

இன்று என்.பி.ஏ. கோடு ரிங்குக்கு நேர் எதிரே 7.24 மீட்டர், மூலையில் 6.71. நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) கோர்ட்டில் 6.75, மூலையில் 6.60. அங்கே மூலைக்குப் போனால் 53 சென்டிமீட்டர் லாபம், இங்கே வெறும் 15. அதனால் என்.பி.ஏ. மூலை ஷூட்டரின் சதவீதத்தை இங்கே இலக்காக வைப்பது வீண்.

அதற்கு முன் உங்கள் கோடு சரிதானா என்று பாருங்கள். 2010க்கு முன் போட்ட 6.25 மீட்டர் கோடு சில சிமெண்ட் கோர்ட்டுகளில் அப்படியே கிடக்கும். ரிங்கின் நடுவிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் புள்ளியிலிருந்து கோட்டின் வெளி விளிம்பு வரை டேப் பிடியுங்கள். போர்டு முகப்பிலிருந்து அளந்து பெயிண்ட் அடிப்பதுதான் வழக்கமான தப்பு. போர்டிலிருந்து ரிங் நடு 37.5 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால் கோடு அந்த அளவு கிட்டே வந்துவிடும். பிறகு மேட்சில் எல்லாமே ரிங்கின் முன் விளிம்பில் இடிக்கும்.

ஏற்காட்டில் எறிந்து எடுத்த பயிற்சிக் கணக்கைச் சேலத்துக் கணக்கோடு கலக்காதீர்கள். கீழே காற்றடித்த பந்து மேலே போனால் வெளிக் காற்றழுத்தம் குறைவதால் கெட்டியாகும். குளிர் அதில் கொஞ்சத்தைத் திரும்பக் குறைக்கும். மேலே போய் ஒருமுறை காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்து, பந்தில் அச்சிட்ட அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். பெரிய தொல்லை பனிமூட்டம்தான். ஈரம் பட்ட பந்து விரல் நுனியில் வழுக்கும். பக்கத்தில் துண்டு ஒன்று வையுங்கள்.

குறிப்பேட்டில் ஐந்து இடம், இடத்துக்கு இருபது எறி. பாஸ் வாங்கி எறிந்ததற்கு ஒரு பத்தி, டிரிபிளுக்குப் பின் எறிந்ததற்கு ஒரு பத்தி. உண்மையிலேயே 40 சதவீதம் போடும் ஆளுக்கும் இருபதில் ஒரு நாள் 6 விழும், ஒரு நாள் 10 விழும். அதைப் பார்த்து எறியும் முறையையே மாற்றச் சொல்லும் கோச்தான் ஆபத்து. நூறு எறியில் 35 முதல் 45 வரை சாதாரணம். தவறியதையும் எழுதுங்கள். கடைசி இருபதில் மட்டும் பந்து எட்டாமல் விழுந்தால் கால் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். முதல் இருபதிலேயே இடமும் வலமும் சிதறினால் முழங்கையைப் பாருங்கள்.