மழை வட்டக்கானலில், வெள்ளம் கும்பக்கரையில்

பெருமாள்மலையில் என் கிளினிக். கொடைக்கானல் சாலையிலிருந்து அடுக்கம் வழியாக அடிவாரத்திலுள்ள கும்பக்கரை அருவிக்கு இறங்கும் பாதை இந்த ஊரில்தான் பிரிகிறது. சளி, மூட்டுவலி, அட்டைக்கடி, இரத்த அழுத்தம் என்று என் நாள் ஓடிவிடும். 2025 மே மாதத்தில் ஒருநாள், பண்ணைக்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியுடன் வந்தார். காப்பியும் மலைவாழையும் போட்டிருக்கிறவர். பல வருடமாக என்னிடம்தான் பிரஷர் மாத்திரை வாங்குகிறார். மகள் டென்மார்க்கில் இருக்கிறாள். ஜூனில் அங்கே போய், மகள், மருமகன், பேத்தியோடு ஐஸ்லாந்துக்கும் ஒரு சுற்று. பயணக் காப்பீட்டுக்கு உடல்தகுதிச் சான்று வேண்டும் என்றார்.

அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைக் கட்டும்போதே மற்றக் கையால் போனை நீட்டினார். ஐஸ்லாந்தில் பார்க்கப்போகிற இடம்: கரியைப் பொடித்துப் பரப்பியதுபோல ஒரு கடற்கரை. ஓரத்தில் செதுக்கி அடுக்கியதுபோலக் கல்தூண்கள். கடலுக்குள் கறுப்பாக இரண்டு மூன்று பாறைக் கூர்கள்.

"பாருங்கள் டாக்டர், நம் தூண்பாறையைக் கொண்டுபோய்க் கடற்கரையில் நட்டுவைத்த மாதிரி இல்லை?"

மாதிரிதான், ஆனால் இனம் வேறு. நம்முடையது பூமியின் ஆழத்தில் வெந்து இறுகி, பின்னர் மேலே வந்து மழையிலும் காற்றிலும் தேய்ந்த சார்னோக்கைட் பாறை. எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே இருப்பது எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி, வெயிலில் காய்ந்த கண்மாய்ச் சேறு வெடிப்பதுபோல வெடித்து, அறுகோணத் தூண்களாக நின்றுபோன பசால்ட். மணல் கறுப்பாக இருப்பதும் அதே பசால்ட் பொடிந்ததால்தான். கருமணல் என்றதும் நமக்கு மணவாளக்குறிச்சி நினைவுக்கு வரும். அது இல்மனைட் என்ற கனிமம் கலந்த மணல், வேறு கதை.

நான் மலைக்காரன், கடலைப் பற்றிப் பேச எனக்கு அதிகத் தகுதி கிடையாது. ஆனால் குளிர்நீரில் விழுந்தவர்களுக்கான சிகிச்சை பற்றிப் படித்த இடங்களில் இந்தக் கடற்கரையின் பெயர் திரும்பத் திரும்ப வந்ததால் மனதில் தங்கிவிட்டது. ரேனிஸ்ஃபியாரா. ஐஸ்லாந்தின் தென்கரையில், வீக் என்ற சிற்றூருக்கு அருகில் இருக்கிறது.

"இவருக்குக் கடலென்றால் போதும். காலை நனைக்காமல் வரவே மாட்டார்" என்றார் கூட வந்த அம்மா, பெருமையாக.

அழுத்தம் 150/90 இருந்தது. அதைக்கூட எழுதிக்கொள்ளாமல் பட்டையைக் கழற்றிவிட்டு, "ஐயா, இந்த இடத்தில் காலை நனைக்கக் கூடாது" என்றேன். மெரினாவிலும் ராமேஸ்வரத்திலும் நின்றவன் நான் என்பதுபோல ஒரு சிரிப்பு சிரித்தார்.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். நானும் அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றவன்தான்.

அப்போது அடிவாரத்தில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் கும்பக்கரை போனோம். ஐப்பசி மாதம், ஆனால் பெரியகுளத்தில் வெயில் சுட்டது. அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது. மேலே யானை கெஜம், பாம்பு கெஜம் என்று தண்ணீர் குடைந்த குழிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு தட்டைப் பாறை. நடு ஓடையில் அதில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கரையில் மாங்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி கூடையைத் தூக்கித் தலையில் வைத்தவர், எங்களைப் பார்த்துக் கையை வீசி ஏதோ கத்தினார். விளங்கவில்லை. மாங்காய் வேண்டாம் என்று தலையை ஆட்டினோம்.

பிறகு அவர் கத்தியது புரிந்தது: "தண்ணீரைப் பாருங்கள்!"

பார்த்தேன். கண்ணாடியாக ஓடிய தண்ணீரில் டீ கலந்ததுபோல ஒரு கோடு. கூடவே காய்ந்த இலை, சுள்ளி, நுரை. மண்வாசனை வந்தது. அருவியின் சத்தமும் மாறியிருந்தது: அதுவரை சலசலவென்று இருந்தது, இப்போது அடிவயிற்றில் கேட்டது. தூக்குவாளியை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்குத் தாவினோம். நான் கடைசி ஆள். ஏறித் திரும்பிப் பார்த்தபோது பாறை தெரிந்தது, அதன்மேல் வாளியும் தெரிந்தது. மறுபடி பார்த்தபோது இரண்டும் இல்லை.

எங்கள் தலைக்குமேல் ஒரு துளி மழை விழவில்லை. மழை பெய்தது மேலே, கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில், பாம்பார்புரத்தில். கும்பக்கரைக்கு வருகிற பாம்பாறு கொடைக்கானல் மலைமேல் பிறந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கி வருகிறது. மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் அந்தத் தண்ணீர் அத்தனையும் ஒரே பாறைச் சந்து வழியாகத்தான் கீழே வந்தாகவேண்டும். கீழே குளிக்கிறவருக்கு வானம் நீலமாகவே இருக்கும். வனத்துறை தடுப்பைப் போட்டால், "மழையே இல்லை, எதற்கு அடைத்திருக்கிறீர்கள்?" என்று சண்டைக்குப் போகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

ஆசிரியருக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அந்தக் கருப்பு மணலிலும் நடப்பது இதுதான் என்றேன். கரையில் காற்றில்லாமல் இருக்கலாம், வெயில்கூட அடிக்கலாம். ஆனால் எங்கோ அட்லாண்டிக் நடுவில் இரண்டு நாளைக்கு முன் அடித்த புயலின் அலைகள் அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருக்கும். அந்தக் கரைக்கு எதிரே தெற்கில் அலையை மறிக்க நிலமே இல்லை, திறந்த கடல். பத்து அலை ஓரிடத்தில் வந்து நிற்கும். பார்க்கிறவர் அதுதான் எல்லை என்று மனதுக்குள் கோடு போட்டுக்கொள்வார். பதினோராவது அலை, முன்னே போன இரண்டு மூன்று அலைகளின் பலத்தையும் சேர்த்துக்கொண்டு, அந்தக் கோட்டைத் தாண்டி எத்தனையோ மீட்டர் ஏறிவரும்.

வருகிற அலையைவிடத் திரும்புகிற அலைதான் மோசம். கரை சரிவானது, கடலுக்குள் கொஞ்சம் தள்ளியதுமே ஆழம். தண்ணீர் இறங்கும்போது காலுக்கடியில் இருக்கிற மணலையும் கூழாங்கல்லையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். முழங்காலளவுத் தண்ணீர்தானே என்பார்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. வேகமாக ஓடினால் கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கிற தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும்.

அங்கே தூண்களுக்கு நடுவில் ஒரு குகை இருக்கிறது. படமெடுக்க எல்லோரும் போவது அங்கேதான். பின்னால் செங்குத்துப் பாறை, முன்னால் கடல். அலை ஏறினால் ஒதுங்க வழி கிடையாது. அந்த மலைச்சரிவிலிருந்து பாறை சரிவதும் உண்டு. 2019 ஆகஸ்டில் பெரிதாகவே சரிந்தது.

இனி என் துறைக்கு வருகிறேன். நீச்சல் தெரியும் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு சலிப்பு உண்டு. வைகை அணையில் நீந்திய நீச்சல் வேறு, அங்கே வேறு. அந்தக் கடல்நீர் கோடையிலும் பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு முதலில் செய்வது, நம்மைக் கேட்காமலே வாயைத் திறந்து ஒரு பெருமூச்சு இழுப்பது. அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றாக இருக்காது. அடுத்த ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும், தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் எகிறும், இதயம் தடுமாறும். இரத்த அழுத்தமும் இதயநோயும் உள்ளவருக்கு அங்கேயே கதை முடியலாம். அதைத் தாண்டினாலும் பத்து நிமிடத்துக்குள் விரல்கள் மடங்காது, கைகால் சொன்னபடி கேட்காது. உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க அரை மணி நேரம் ஆகும் என்றாலும் பலர் அதுவரை இருப்பதில்லை. கம்பளிக் கோட்டும் பூட்ஸும் ஈரத்தையும் மணலையும் வாங்கிக் கல்லாகக் கனக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் மலைநீரும் சும்மா இல்லை. மார்கழியில் வட்டக்கானல் ஓடையில் இறங்கிய கல்லூரிப் பையன் ஒருவனை, உதடு நீலமாகி, பேச்சு குழறி என்னிடம் தூக்கிவந்தார்கள். நண்பர்கள் செய்த முதலுதவி, வாயில் பிராந்தி ஊற்றியது. சாராயம் தோலுக்கு இரத்தத்தைத் திருப்பி, உள்ளே மிஞ்சியிருக்கிற சூட்டையும் வெளியேற்றிவிடும். ஈரத்துணியைக் கழற்றுங்கள், உலர்ந்த கம்பளியால் தலை முதல் சுற்றுங்கள், கைகாலைத் தேய்க்காதீர்கள். நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான டீ கொடுக்கலாம்.

தண்ணீரில் மூழ்கியவரை எடுத்ததும் வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் நம்மிடம் இன்னும் போகவில்லை. வயிற்றிலிருந்து வருகிற தண்ணீரால் ஒரு பயனும் இல்லை. அது தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் கேடு. அவருக்கு வேண்டியது மூச்சு. மூச்சில்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். அசைவில்லை என்றால் மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டுவது உண்டு. பாறையிலிருந்து விழுந்தவர் என்றால் கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே அவரைப் படுக்கையில் போட்டுவிடும்.

பின்னாலேயே குதிக்காதீர்கள். இதைச் சொல்லும்போது என் குரல் கடுமையாகிவிடுகிறது என்று மனைவி சொல்வாள். அடிவார மருத்துவமனையில் இருந்த காலத்தில், ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு உடல்கள் சேர்ந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது எப்போதும் காப்பாற்றப் போனவருடையது. சேலை, கயிறு, மூடிய காலிக் கேன் என்று எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். நம் ஊரில் 108; ஐஸ்லாந்தில் 112.

"அங்கே பலகை ஏதும் வைக்கவில்லையா?" என்று கேட்டார் அம்மா. வைத்திருக்கிறார்கள். 2022இல் அலையின் உயரத்தைக் கணக்கிட்டு நிறம் மாறுகிற எச்சரிக்கை விளக்கே வைத்தார்கள். சிவப்பு எரிந்தால் மணலில் இறங்கக் கூடாது. விளக்கு எரியும், ஜனங்களும் இறங்குவார்கள். நம் புல்லாவெளி அருவியில் பலகை இல்லையா? 2022 ஆகஸ்டில் அங்கே ஓர் இளைஞர் நண்பரைப் படமெடுக்கச் சொல்லிவிட்டுப் பாறை விளிம்பில் வழுக்கி விழுந்தது அந்தப் படத்திலேயே பதிவானது. பாசி படிந்த அந்தப் பாறையின் வீடியோ தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. அடுத்த வாரமே அதே மாதிரிப் பாறைகளில் அதே மாதிரி நின்றார்கள். முன்னே போனவர் நின்று படமெடுத்துத் திரும்பியிருப்பதுதான் பலகையைவிட நமக்குப் பெரிய சாட்சி.

ஆசிரியருக்குச் சான்று கொடுத்தேன். முழங்கால் தேய்ந்தவர், கூழாங்கல் சரிவில் மூன்று நொடியில் மேலே ஓட முடியாது. ஆகவே கடைசி ஈரக்கோட்டிலிருந்து குறைந்தது 30 மீட்டர் மேலே நில்லுங்கள், கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள், குகைப் பக்கம் போகவே வேண்டாம், பேத்தியின் கையை விடாதீர்கள் என்று மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதினேன். மாத்திரைக்குக் கொடுக்கிற மரியாதையை அதற்கும் கொடுப்பார் என்று ஒரு நம்பிக்கை.

ஜூலையில் படங்களோடு வந்தார். ஒன்றில்கூட முகம் தெரியவில்லை என்று அம்மாவுக்குக் குறை. அவ்வளவு மேலே நின்றிருக்கிறார்கள். கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லையாம். டாக்டர் பயமுறுத்திவிட்டார் என்று மருமகன் சொல்லி வாய் மூடுவதற்குள், கீழே கேமராவை முக்காலியில் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தவரின் இடுப்பு வரை தண்ணீர் ஏறியதாம். ஆள் தப்பினார், முக்காலி போய்விட்டது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஓர் இரவு போன் செய்தார். அதே கடற்கரையில், குடும்பத்தோடு வந்த ஒன்பது வயது ஜெர்மானியச் சிறுமியை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மகள் செய்தியை அனுப்பியிருந்தாள். "எங்கள் பேத்திக்கும் ஒன்பது" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

பிறகு, டிசம்பர் விடுமுறைக்குப் பேத்தி வருகிறாள், கும்பக்கரை பார்க்கவேண்டும் என்கிறாள், அந்தச் சமயத்தில் குளிக்க விடுவார்களா என்று கேட்டார். அன்று காலையில் வனத்துறையிடம் கேளுங்கள், கூடவே வட்டக்கானலில் யாரையாவது கூப்பிட்டு அங்கே வானம் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள் என்றேன்.

"என்னிடம் படித்த பையன் ஒருவன் அங்கே கேரட் போடுகிறான்" என்றார். "அவன் நம்பரை எழுதி வைத்துக்கொள்கிறேன்."