சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தால்: டூரிங் பைக்கில் பேஸ் மாடலா, டாப் மாடலா?

அதே இன்ஜின், அதே சேஸி, அதே டேங்க். அப்புறம் எதற்கு டாப் மாடலுக்கு அரை லட்சமோ ஒரு லட்சமோ கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? டூரிங் பைக் வாங்க நினைக்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. பதில், வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தது. கோவையிலிருந்து சேலம் வழியாகச் சென்னைக்கு நேர் ரோட்டில் போகிறவருக்கு ஒரு பதில். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகளை மழையிலும் மூடுபனியிலும் ஏறி இறங்குகிறவருக்கு வேறு பதில். நான் இங்கே பேசுவது இரண்டாமவரிடம்.

டாப் மாடல் என்ற பெயருக்குள் எல்லா கம்பெனியும் ஒரே சரக்கை வைப்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பரில் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு பேஸ், பாஸ், சம்மிட் என்று மூன்று பெயர், மூன்று விலை. ஆனால் 452 சிசி இன்ஜினும் பிரேக்கும் சஸ்பென்ஷனும் மூன்றிலும் ஒன்றே, வித்தியாசம் பெயின்டில்தான் இருந்தது. அதே வருடம் கேடிஎம் 390 அட்வெஞ்சரில் எக்ஸ் என்று விலை குறைந்த ஒரு வகை வந்தது. அதில் கலர் திரை, குவிக்ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றும் வசதி), டிராக்ஷன் கன்ட்ரோல் (பின்சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் இன்ஜின் சக்தியை அடக்குவது), கார்னரிங் ஏபிஎஸ் (வண்டி சாய்ந்திருக்கும்போதும் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) நான்கையும் எடுத்துவிட்டிருந்தார்கள். முதல் வண்டியில் தயங்காமல் பேஸ் எடுக்கலாம். இரண்டாவதில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், ஏனென்றால் அந்த நான்கில் இரண்டு வெறும் வசதி, மற்ற இரண்டும் நீங்கள் விழுவதா வேண்டாமா என்பதோடு சம்பந்தப்பட்டவை.

அது எப்படி என்று புரிய டயரிலிருந்து தொடங்க வேண்டும்.

காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயர் ஒன்று தன் மேல் உள்ள எடையில் 0.9 பங்கு விசையைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆரம் உள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில் 25 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், திரும்புவதற்கு மட்டும் எடையில் 0.49 பங்கு பக்கவாட்டு விசை வேண்டும், வண்டி ஏறக்குறைய 26 டிகிரி சாயும். மீதி பிடிமானம்தான் பிரேக்குக்கு. 0.9-இலிருந்து 0.49-ஐ நேராகக் கழிக்கக் கூடாது. இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் பள்ளியில் படித்த பிதாகரஸ் கணக்குதான் இங்கே வரும். அப்படிப் பார்த்தால் பிரேக்குக்கு 0.75 மிச்சம். தாராளம்.

இப்போது அதே வளைவு, அதே வேகம், ஆனால் மழை. பிடிமானம் 0.9-இலிருந்து 0.55-க்கு இறங்குகிறது. திரும்ப வேண்டிய விசை மாறவில்லை, அதே 0.49. பிரேக்குக்கு மிச்சம் எவ்வளவு? 0.25 மட்டுமே. டயரின் பிடிமானம் ஐந்தில் இரண்டு பங்குதான் குறைந்தது, ஆனால் நீங்கள் பிரேக் பிடிக்க இருந்த இடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. மழையில் வளைவுக்கு நடுவே, எதிரே பஸ் வந்துவிட்டதே என்று லீவரை அமுக்குகிறவர்கள் ஏன் விழுகிறார்கள் என்பது இந்த ஒரு கணக்கில் இருக்கிறது. நேர் ரோட்டில் மழையில் ஓட்டிப் பழகிய கைக்கு இந்தச் சுருக்கம் தெரியவே தெரியாது.

சரி, பேஸ் மாடலிலும்தான் ஏபிஎஸ் இருக்கிறதே? இருக்கிறது. 1988-ல் பிஎம்டபிள்யூ கே100-ல் முதலில் வந்தது, இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் கட்டாயம். சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தை ஒரு சென்சார் படிக்கிறது; சக்கரம் திடீரென்று நிற்கப் பார்த்தால் அந்தப் பிரேக்கின் ஆயில் அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. நேராகப் போகும் வண்டிக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் அதற்குத் தெரிந்தது சக்கரத்தின் வேகம் மட்டுமே. வண்டி நிமிர்ந்திருக்கிறதா, 30 டிகிரி சாய்ந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சாய்ந்த வண்டியில் அது வழுக்கலைக் கவனித்து அழுத்தத்தை விடுவதற்குள் முன்சக்கரம் பக்கவாட்டில் போய்விடலாம்.

இன்னொன்றும் நடக்கும். சாய்ந்திருக்கும்போது டயர் தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து உள்பக்கத் தோளுக்கு நகர்ந்துவிடுகிறது. அங்கே பிரேக் விசை பின்னோக்கி இழுக்கும்போது ஹேண்டில் உள்பக்கமாகத் திருகிக்கொள்ளும், அதனால் வண்டி நிமிர்ந்து எழும், நிமிர்ந்த வண்டி வளைவை விட்டு நேராகப் போகும். இறக்கத்தில் இடது வளைவில் இருந்தால் எதிர் லேனுக்கு, வலது வளைவில் இருந்தால் தடுப்புச் சுவருக்கு. வழுக்காமலேயே வரும் ஆபத்து இது.

இந்த இரண்டையும் சமாளிக்க வண்டிக்குத் தன் சாய்வு தெரிய வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைப் போல ஒன்றைத் தொங்கவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. சீராகத் திரும்பும் பைக்கில் புவியீர்ப்பும் வளைவின் விசையும் சேர்ந்து வண்டியின் உடல் வாக்கிலேயே கீழ்நோக்கி இறங்குகின்றன, அதனால்தான் அது விழாமல் நிற்கிறது. தூக்குக்குண்டும் வண்டியோடு சேர்ந்தே சாயும், 'நாம் நேராகத்தான் இருக்கிறோம்' என்று சொல்லும். எனவே சுழற்சியையும் அளக்க வேண்டியிருக்கிறது.

அதைச் செய்வதுதான் ஐஎம்யு என்ற சின்னப் பெட்டி. அதற்குள் சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத எடைத்துண்டுகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. வண்டி எந்தப் பக்கமாவது உருண்டாலோ திரும்பினாலோ கோரியாலிஸ் விசை அந்த அதிர்வைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளும், அந்தத் தள்ளலை மின்தேக்குத் திறனின் மாற்றமாகப் படிக்கிறார்கள். மூன்று திசையில் முடுக்கம், மூன்று அச்சில் சுழற்சி, ஆக ஆறு அளவுகள். இவற்றைச் சக்கர வேகத்தோடு கோத்து நொடிக்கு 100 தடவைக்கும் மேல் சாய்வைக் கணக்கிட முடிகிறது. போஷ் நிறுவனம் இப்படிப்பட்ட சாய்வறியும் அமைப்பை 2013-ல் கேடிஎம் 1190 அட்வெஞ்சரில் கொண்டுவந்தது. அன்று பெரிய வண்டிகளின் ஆடம்பரம், இன்று 400 சிசி வண்டி வரை இறங்கியிருக்கிறது.

சாய்வு தெரிந்ததும் கம்ப்யூட்டர் இரண்டு காரியம் செய்கிறது, கார்னரிங் ஏபிஎஸ் என்பது இதுதான். நீங்கள் பதறி லீவரை மொத்தமாக அமுக்கினாலும் முன் பிரேக்கின் அழுத்தம் படிப்படியாகத்தான் ஏற விடுகிறது, அதனால் வண்டி வெடுக்கென்று எழுவதில்லை. அப்புறம், சாய்வு அதிகமாக இருந்தால் முன்னதாகவே, குறைந்த வழுக்கலிலேயே குறுக்கிடுகிறது. டிராக்ஷன் கன்ட்ரோலுக்கும் இதே தகவல் உதவும். சாய்ந்த டயர் தோளில் உருளும்போது அதன் ஆரம் சற்றுக் குறைகிறது, அதே வேகத்துக்கு அதிகமாகச் சுற்றுகிறது. முன் டயருக்கும் பின் டயருக்கும் இந்த வித்தியாசம் ஒரே அளவில் இருக்காது. சாய்வு தெரியாத கம்ப்யூட்டர் இதை வழுக்கல் என்று தவறாக எண்ணிவிடலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஐஎம்யு பிடிமானத்தை உண்டாக்காது. மேலே போட்ட கணக்கில் அந்த 0.25-ஐ வீணாக்காமல் பயன்படுத்த உதவும், அவ்வளவுதான். திரும்புவதற்கே பிடிமானம் பத்தாத வேகத்தில் நுழைந்துவிட்டால் எந்த எலெக்ட்ரானிக்ஸும் காப்பாற்றாது. பாசி பிடித்த நிழல் வளைவிலும், லாரி சிந்திய டீசலிலும், நனைந்த கற்பூர மர இலையிலும் அந்த 0.55 இன்னும் கீழே போகும். அதனால் பேஸ் மாடல் வாங்கி, மிச்சமான பணத்தில் நல்ல மழை டயர் போட்டு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, போர்டில் எழுதியிருப்பது போல 2-வது கியரில் இறங்குகிறவர், டாப் மாடலில் வழுக்கை டயரோடு வருகிறவரைவிடப் பாதுகாப்பானவர். ஆனால் இரண்டும் முடியும் என்றால், நீலகிரியில் கூடுதல் பணத்துக்குத் தகுதியான முதல் பொருள் கார்னரிங் ஏபிஎஸ்தான் என்பது என் தீர்மானமான கருத்து. இங்கே ரோடு எப்போதும் ஏதோ ஒரு பக்கம் நனைந்துதான் இருக்கும்: ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம் பக்கம், அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம்.

டிராக்ஷன் கன்ட்ரோலை இரண்டாவதாகத்தான் வைப்பேன், அதிலும் வண்டியின் சக்தியைப் பார்த்து. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். கீழே 40 குதிரைத்திறன் தரும் வண்டி மேலே 32 பக்கம்தான் தரும், பேஸானாலும் டாப்பானாலும். இந்தச் சக்தியில் பின்சக்கரம் தானாகச் சுற்றி வழுக்குவது அரிது. 100 குதிரைத்திறன் வண்டி என்றால் பேச்சே வேறு, அப்போது அது கட்டாயம் வேண்டும்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குவிக்ஷிஃப்டர் கியர் கம்பியின் அழுத்தத்தை உணர்ந்து ஒரு கணம் இன்ஜினின் இழுவையை நிறுத்துகிறது. அதிக சுற்றில், நன்றாக இழுக்கும்போது வெண்ணெய் மாதிரி வேலை செய்யும், ஆனால் 1-க்கும் 2-க்கும் நடுவே அல்லாடும் கல்லட்டி ஏற்றத்தின் 36 வளைவுகளில் கிளட்ச்தான் நல்லது. க்ரூஸ் கன்ட்ரோலுக்கு மலையில் வேலையே இல்லை. கலர் திரை அழகு.

எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பின்சீட்டில் ஆளும் பெட்டியும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழும். முன்பக்கம் இலேசாகி, வளைவில் வண்டி வெளியே தள்ளும், ஹெட்லைட் மேலே பார்த்து மூடுபனியில் உங்கள் கண்ணிலேயே அடிக்கும். டாப் மாடல் சில வண்டிகளில் மோட்டார் தானாக ஸ்பிரிங்கை இறுக்கி இதைச் சரிசெய்கிறது. பேஸ் மாடலில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கையால் மாற்ற ப்ரீலோடு திருகி ஒன்று இருக்கும், ஆள் ஏறும்போது அதை இறுக்கினால் பெரும்பகுதி வேலை முடிந்தது. நிறையப் பேர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை என்பதுதான் வருத்தம்.

சூடான ஹேண்டில் பிடி டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் உண்மையாகவே பயன்படும். 5 டிகிரி குளிரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று தோலுக்கு பூஜ்யத்துக்கும் கீழே போல உறைக்கும், மரத்த விரல் பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிக்கும். ஆனால் அதை வெளியே வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பெட்டி, கண்ணாடித் தடுப்பு, பனி விளக்கு, டயர் அழுத்தம் காட்டும் கருவி எல்லாமே அப்படித்தான். பின்னால் மாட்டவே முடியாதவை ஐஎம்யுவும், அதோடு பேசும் பிரேக் மாட்யூலும். ஷோரூமில் விலைப் பட்டியலைப் பார்க்கும்போது, எது பிறகு வாங்க முடியாதது என்று கோடு போட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். கம்பி வீலில் டியூப்லெஸ் வசதி கிடைத்தால் அதையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். கல்லட்டி நடுவில் டியூப் பஞ்சரானால் வீலைக் கழற்ற வேண்டும், டியூப்லெஸ் என்றால் சொருகி ஒட்டிக் காற்றடித்துக் கிளம்பலாம்.

டாப் மாடல் எடுத்துவிட்டீர்கள் என்றால், டயர் மாற்றும்போது கம்பெனி சொன்ன அதே அளவில், அதே வடிவத்தில் போடுங்கள். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று பின்னால் ஒரு அளவு பெரிய டயர் போட்டால், சக்கரம் எத்தனை சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகும், எத்தனை டிகிரி சாய்வில் ஆரம் எவ்வளவு குறையும் என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கணக்கு மாறிவிடும்.