சர்க்கரை நோயாளியின் ஈறும் காலும் நெஞ்சும்

"சுகர் கன்ட்ரோல்லதான் இருக்கு டாக்டர்" என்று ரிப்போர்ட்டை நீட்டுகிறவரை முதலில் வாயைத் திறக்கச் சொல்வேன். அப்புறம் செருப்பைக் கழற்றச் சொல்வேன். மாரடைப்பு பயம் எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

டெல்டாவில் நடவு, களையெடுப்பு என்று சேற்றிலேயே நிற்கும் கால்கள் அதிகம். விரலிடுக்கில் சேற்றுப்புண் வெளுத்து ஊறிக் கிடக்கும். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாது. வாயில் வெற்றிலையோடு புகையிலை. தொட்டாலே ரத்தம் கசியும் ஈறு.

இரண்டிலும் ஓயாமல் நடப்பது அழற்சி, அதாவது கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடல் நடத்தும் போராட்டம். உமி மூட்டம் போல வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். தொப்பைக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பும் தன் பங்குக்கு அழற்சிப் பொருட்களை ரத்தத்தில் விடுகிறது. இவற்றால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ரத்தக்குழாயின் உட்சுவர் கெடும், அங்கே கொழுப்பு படியும். அந்தப் படிவு ஒருநாள் வெடித்து ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம், கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஊசியைச் சோதித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து சுமார் 15% குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின, விலையும் எக்கச்சக்கம். நமக்கு அது சரிப்படாது.

நம் கையில் இருப்பதைச் செய்வோம். ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தால், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவும் கொஞ்சம் இறங்கும். புகையிலையை விட வேண்டும். இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. அழற்சியை அளக்கும் ஹெச்எஸ்-சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனையில் லிட்டருக்கு 3 மி.கி.க்கு மேல் போனால் மாரடைப்பு அபாயம் அதிகம். காய்ச்சலோ சீழ்ப்புண்ணோ இருக்கும்போது எடுத்தால் காசுதான் வீண்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். "கொழுப்பு நார்மலாயிடுச்சு" என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது நார்மலானதே மாத்திரையால்தான். அழற்சியையும் அது தணிக்கிறது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். திடீர் வியர்வை, மூச்சு வாங்கல், காரணமில்லாத அசதி, மேல்வயிற்றில் பிசைவது என்றால் வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, உடனே ஈசிஜி எடுங்கள்.