வன்னி வெயிலில் சுண்டெலிச் சீரத்தை எலைசாவில் அளத்தல்

எலைசா என்பது, சிறு குழிகள் கொண்ட தட்டில் ஒரு புரதத்தைப் பிறபொருளெதிரிகளால் பற்றவைத்து, எழும் நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அதன் அளவை அறியும் பரிசோதனை. அதற்கான பொருள்கள் அடங்கிய கிட்டுடன் வரும் கையேட்டில் ‘அறை வெப்பநிலையில் இரண்டு மணிநேரம் வைக்கவும்’ என்று எழுதியிருக்கும். அதை எழுதியவர்கள் மனத்தில் கொண்ட அறை பொதுவாக 18 முதல் 25 பாகை செல்சியஸ் வரையிலானது. சித்திரை மாத மதியத்தில் மின்சாரம் நின்று குளிரூட்டியும் ஓய்ந்துபோனால், வவுனியாவிலுள்ள எமது அறையில் வெப்பமானி 33 பாகையைத் தாண்டிவிடும். இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் எடுத்த ஒரு தட்டின் அளவீடுகள் அனைத்தையும் நான் கைவிட நேர்ந்தது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இப்பரிசோதனையைப் புதிதாகத் தொடங்கும் மாணவருக்காகவே இதை எழுதுகிறேன்.

சுண்டெலியைப் பொறுத்தவரை, பிழைத்தால் மறுபடி செய்துகொள்ளலாம் என்ற ஆறுதல் கிடையாது. 25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் உடலில் இருப்பது ஏறத்தாழ 2 மில்லிலீற்றர் குருதி. சுண்டெலியை உயிருடன் வைத்து ஒரு தடவையில் எடுக்கத்தக்கது அதில் பத்தில் ஒரு பங்கு. அது உறைந்து பிரியும் சீரம் 100 மைக்ரோலீற்றரை எட்டினாலே பெரிது. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழிகளில் இடவேண்டியிருப்பதால், நோயெதிர்ப்புக் கலங்களின் சமிக்ஞைப் புரதமான சைற்றோகைன் போன்று மிகச் சிறிய அளவிலுள்ள புரதத்தை அளக்கும்போது ஒரு தட்டுடனேயே சீரம் தீர்ந்துவிடும். ஓர் உயிரிடமிருந்து எடுத்ததைக் கவனக்குறைவால் வீணாக்குவதை என்னால் சிறு பிழையாகக் கருத முடியவில்லை.

அளவீடுகளைக் கைவிட நேர்ந்த அன்று, தட்டையும் கரைசல்களையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே பயன்படுத்தினோம். தட்டில் பிணைந்த நொதியத்தால் நீலமாகும் டி.எம்.பி. கரைசலை இட்டபோது நீலம் முதலில் ஓரக் குழிகளில் எழுந்தது. நடுக் குழிகள் வெளிறியே கிடந்தன. ஒரே சீரத்தை ஓரத்திலும் நடுவிலும் இட்டிருந்தும், 450 நனோமீற்றரில் வாசித்தபோது ஓரத்தின் ஒளி உறிஞ்சல் தெளிவாகக் கூடியிருந்தது. ஓரக் குழிகள் அறைச் சூட்டை முந்தி வாங்குவதால், பிறபொருளெதிரி பிணைவதும் நொதியம் தொழிற்படுவதும் அங்கே விரைகின்றன. செறிவு தெரிந்த நியமக் கரைசல்களும் அதே தட்டில்தானே இருக்கின்றன, வழு தானாகச் சமப்பட்டுவிடும் என்று சொல்வோர் உண்டு. தட்டு முழுவதும் ஒரே வெப்பத்தில் இருந்தால் மட்டுமே அது பொருந்தும். நாம் நியமங்களை வழக்கமாக முதலிரு நிரல்களில் இடுகிறோம். முதல் நிரல் முழுவதுமே ஓரம். ஆகவே மாதிரிகளை ஒப்பிடுவதற்காக அவற்றிலிருந்து வரையும் நியம வளையி உயர்ந்து, நடுவிலுள்ள மாதிரிகளின் செறிவு உண்மையைவிடக் குறைவாகக் கணிக்கப்படுகிறது.

இப்போது நாங்கள் காலை ஆறு மணிக்கே தொடங்குகிறோம். தட்டின் உறையைப் பிரிக்காமலேயே அறை வெப்பத்துக்கு வரவிடுகிறோம். பிரித்துவிட்டுக் காத்திருந்தால் குழிகளில் நீர் வியர்க்கும். பின்னர் தட்டை ஒட்டுத்தாளால் மூடி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், 25 பாகையில் நிலைநிறுத்திய அடைகாப்பியில் வைக்கிறோம். பல எலிகளின் சீரத்தைக் கலந்து சிறு பங்குகளாக உறையவைத்த கட்டுப்பாட்டு மாதிரியொன்றை ஒவ்வொரு தடவையும் ஓரத்திலும் நடுவிலும் இடுகிறோம். இரண்டும் ஒத்துவராத தட்டின் முடிவுகளை எவருக்கும் கொடுப்பதில்லை.

தண்ணீரையும் கவனிக்கவேண்டும். கேத்திலின் அடியில் வெண்படிவாகத் தங்கும் கல்சியம்தான் எமது கிணற்று நீரிலும் இருக்கிறது; அது தட்டைக் கழுவப் பயன்படும் பொசுபேற்றுத் தாங்கற் கரைசலைக் கலங்கச் செய்யும். கழுவற் கரைசலுக்குக் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். இளஞ்சிவப்பாகத் தெரியும் சீரத்தில் செங்குழியங்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். ஈமோகுளோபின் தானே, நிறத்தை உண்டாக்கும் நொதியமான பெரொட்சிடேசு போலத் தொழிற்படக்கூடியது என்பதால், அத்தகைய மாதிரியைத் தனியே குறித்துவையுங்கள்.

கிட் வாங்காமல் பிறபொருளெதிரிகளைத் தனித்தனியே வாங்கிச் செய்வோர், சுண்டெலியின் பிறபொருளெதிரியைப் பற்றும் இரண்டாம்நிலைப் பிறபொருளெதிரியை (முதலில் இட்ட பிறபொருளெதிரியைப் பற்றி நிறத்துக்கு வழிசெய்வதை) தவிர்க்கவேண்டும். எலியின் சீரத்தில் இயல்பாகவே நிறைந்திருக்கும் பிறபொருளெதிரிகளில் தட்டில் ஒட்டிக்கொண்டவற்றையும் அது பற்றிக்கொண்டு, அளக்கும் புரதம் இல்லாத சீரத்திலும் நிறம் காட்டும். பயோட்டின் என்ற சிறு மூலக்கூறை இணைத்த பிறபொருளெதிரியும், பயோட்டினை இறுகப் பற்றும் புரதமான இசுற்றெப்டவிடினும் கொண்ட முறை இங்கே பாதுகாப்பானது.

பரிசோதனையின் நடுவில் மின்சாரம் நின்றால், நின்ற நேரத்தையும் அப்போதைய வெப்பநிலையையும் அத்தட்டுக்குரிய பக்கத்திலேயே எழுதுங்கள். எமது குறிப்பேட்டில் இப்போது எலியின் இலக்கத்துக்கு அடுத்த நிரல் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.