வீட்டுப் பெயரும் பதிவுப் பெயரும்: சிஸ்டம்32இல் வைரஸ் புகுந்தால்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "விண்டோஸுடன் வரும் அன்ரிவைரஸான டிஃபென்டர் ஒரு வைரஸைப் பிடித்து 'நீக்கியாயிற்று' என்கிறது. கணினியை நிறுத்தி மறுபடி போட்டால் அதே சிஸ்டம்32 போல்டரில் அது திரும்ப இருக்கிறது. கையால் அழிக்கப் போனால் ட்ரஸ்டட் இன்ஸ்டோலரின் அனுமதி வேண்டுமாம். கணினி என்னுடையது, நிர்வாகிக் கணக்கும் என்னுடையது. நடுவில் இவர் யார்? போர்மட் அடிப்பதைத் தவிர வழியில்லையா?"

ட்ரஸ்டட் இன்ஸ்டோலர் வைரஸ் அல்ல. விண்டோஸ் தன் சொந்தப் பாகங்களை நிறுவவும் புதுப்பிக்கவும் வைத்திருக்கும் ஒரு சேவையின் பெயர் அது. விஸ்டா காலத்திலிருந்து சிஸ்டம் கோப்புகளுக்கு உரிமையாளர் அந்தச் சேவைதான். நிர்வாகிக்குக்கூட அவற்றை வாசிக்கவும் இயக்கவும் மட்டுமே அனுமதி. விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்து ஏற்பாடு வேறு. கோப்பை மாற்ற விட்டுவிட்டு, டிஎல்எல்கேஷ் என்ற மறைவான போல்டரில் இருக்கும் பிரதியைப் பிறகு எடுத்துப் போடும். வைரஸ் அந்தப் பிரதியையும் கெடுத்துவிட்டால் கதை முடிந்தது. இப்போது கதவே பூட்டியிருக்கிறது, ஆனால் சாவி வீட்டுக்குள்தான் தொங்குகிறது: எந்தக் கோப்பின் உரிமையையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் அதிகாரம் நிர்வாகிக்கு உண்டு. 'உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு யோசிக்காமல் 'ஆம்' அமுக்கினால், அந்த அதிகாரம் அப்படியே வைரஸின் கைக்குப் போகும். களவு விண்டோஸை 'அக்டிவேட்' பண்ணும் சிறு நிரல்கள் முதல் வேலையாக அன்ரிவைரஸை நிறுத்தச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். காவல்காரனைத் தூங்க வைக்கச் சொல்லிக்கொண்டு வருகிற விருந்தாளியை நான் உள்ளே எடுக்க மாட்டேன்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின் கோப்பை விண்டோஸ் அழிக்க விடாது. நிரலின் பக்கங்கள் தேவைப்படும்போதெல்லாம் அந்தக் கோப்பிலிருந்தே நினைவகத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். அடியில் கோப்பை உருவிவிட்டால் நிரல் எங்கே நிற்பது? ஆகவே அன்ரிவைரஸ், 'அடுத்த முறை எழும்பும்போது இதை அழி' என்று, விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. விண்டோஸ் எழும்பும்போது மற்ற நிரல்கள் ஓடத் தொடங்குமுன் அந்தக் குறிப்பு நிறைவேற வேண்டும். ஆனால் வைரஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், கணினி நிற்பதற்குள் அதே ரெஜிஸ்ட்ரிக்குப் போய்க் குறிப்பை அழித்துவிடலாம். அல்லது வேறோர் இடத்திலிருக்கும் துணைக் கோப்பு, அழிந்ததை மீண்டும் எழுதி வைக்கலாம். வாசகரின் 'நீக்கியாயிற்று' பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும், விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் ஒரு பதிவேட்டுப் பக்கம் வைத்திருக்கிறது, வழக்கமாக 1,024 பைட் அளவில். கோப்பின் உள்ளடக்கம் எங்கே கிடக்கிறது என்பதும் கோப்பின் பெயரும் அந்தப் பக்கத்தில் இருக்கும். பெயர் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கலாம், ஒவ்வொரு பெயரும் வெவ்வேறு போல்டரில் தெரியலாம். இதற்கு ஹார்ட் லிங்க் என்று பெயர். நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு வீட்டுப் பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் பெயர் வேறொன்று. கூப்பிடும் இடம் வேறு, ஆள் ஒன்று.

சிஸ்டம்32இல் நீங்கள் பார்க்கும் விண்டோஸ் கோப்புகளில் மிகப் பெரும்பாலானவை அப்படிப்பட்ட வீட்டுப் பெயர்கள். பதிவுப் பெயர் இருப்பது விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற களஞ்சியத்தில். நிர்வாகியாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் எஃப்எஸ்யூடில் ஹார்ட்லிங்க் லிஸ்ட் (fsutil hardlink list) என்று ஆங்கில எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டு, சிஸ்டம்32இலுள்ள சிஎம்டி.எக்ஸியின் முழுப் பாதையைக் கொடுத்துப் பாருங்கள். களஞ்சியத்துக்குள் இருக்கும் நீண்ட இன்னொரு பெயரும் வந்து விழும். களஞ்சியம் பல கிகாபைட் தின்கிறது என்று பயந்து அதை அழிக்கப் போகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்: எக்ஸ்ப்ளோரர் ஒரே ஆளை இரண்டு பெயரிலும் எண்ணிவிடுகிறது.

வைரஸுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒரு சிஸ்டம் கோப்பைக் கெடுக்க இரண்டு வழி உண்டு. முதலாவது, சிஸ்டம்32இலுள்ள பெயரை அழித்துவிட்டு அதே பெயரில் புதிய கோப்பொன்றை வைப்பது. அப்போது வீட்டுப் பெயரில் வேறொருவன் வந்து உட்கார்ந்திருக்கிறான், பதிவுப் பெயருக்குரிய அசல் ஆள் களஞ்சியத்தில் சுகமாக இருக்கிறான். இரண்டாவது, கோப்பைத் திறந்து உள்ளே எழுதுவது. ஆள் ஒருவனே என்பதால், வீட்டுப் பெயருக்குக் காய்ச்சல் என்றால் பதிவுப் பெயருக்கும் காய்ச்சல். களஞ்சியத்துப் பிரதியும் அதே கணத்தில் கெட்டுப்போகிறது.

எஸ்எஃப்சி என்ற சோதிப்பான் சில கணினிகளில் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் திருத்துவதும், சில கணினிகளில் 'கெட்ட கோப்புகளைக் கண்டேன், சிலவற்றைத் திருத்த முடியவில்லை' என்று கையை விரிப்பதும் இதனால்தான். ஒவ்வொரு பாகத்தின் பட்டியலிலும் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகை எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பைட் மாறினாலும் கைரேகை முழுதாக மாறும். கைரேகை பொருந்தாத கோப்புக்கு எஸ்எஃப்சி களஞ்சியத்தில் அசலைத் தேடும். அங்கேயும் பொருந்தாவிட்டால் அதனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அப்போதுதான் டிஸ்ம் என்ற கருவி தேவை. அது விண்டோஸ் அப்டேட்டிலிருந்தோ நிறுவல் வட்டிலிருந்தோ சுத்தமான பிரதியைக் கொண்டுவந்து களஞ்சியத்தைத் திருத்தும். ஆகவே முதலில் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி. மாற்றிச் செய்தால் எஸ்எஃப்சியை இரண்டாம் முறை ஓட்ட வேண்டிவரும்.

இரண்டும் வைரஸ் பிடிப்பவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ள கோப்பு சரியா என்று மட்டும் பார்க்கும். சிஸ்டம்32இல் 'o' எழுத்துக்குப் பதில் பூச்சியத்தைப் போட்டு, விண்டோஸின் சொந்தக் கோப்பான 'svchost' போலத் தோன்றும் ஒரு புதுக் கோப்பை வைரஸ் வைத்தால், எஸ்எஃப்சி அதைத் திரும்பியும் பார்க்காது.

செய்யும் ஒழுங்கு இது. முதலில் டிஃபென்டரின் வைரஸ் வரையறைகளைப் புதுப்பியுங்கள். ஸ்கேன் ஒப்ஷன்ஸ் பகுதியில் ஒஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கொடுங்கள். கணினி அணைந்து, உங்கள் வழக்கமான விண்டோஸ் ஏறாமலே சுமார் 15 நிமிடம் தேடும். வைரஸ் ஓடாத நேரத்தில் அதன் கோப்பு வெறும் கோப்புதான், பூட்டும் இல்லை, குறிப்பை அழிக்க ஆளும் இல்லை. மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றாதீர்கள். இடையில் மின்சாரம் நின்றால் புதுத் தலைவலி. பிறகு நிர்வாகிக் கட்டளைச் சாளரத்தில் டிஸ்ம், அதனுடன் ஒன்லைன், கிளீன்அப்-இமேஜ், ரிஸ்டோர்ஹெல்த் என்ற மூன்று சொற்களையும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாய்கோடு போட்டு, ஆங்கில எழுத்தில் தட்டுங்கள் (dism /online /cleanup-image /restorehealth). 62.3 சதவீதத்தில் நின்றுவிட்டதுபோலத் தோன்றினால் சாளரத்தை மூடாதீர்கள். முடிந்ததும் எஸ்எஃப்சி, சாய்கோடு, ஸ்கேன்நௌ (sfc /scannow).

விண்டோஸ் சரியாக எழும்பாவிட்டால், உள்நுழையும் திரை வரையாவது வந்தால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தோ, அதுவும் வராவிட்டால் நிறுவல் பென் டிரைவிலிருந்தோ மீட்புச் சூழலுக்குப் போகலாம். அங்கே இரண்டு பொறிகள். ஒன்று, உங்கள் சி டிரைவ் அங்கே டி என்றோ ஈ என்றோ தெரியலாம். டிஐஆர் (dir) கட்டளையால் விண்டோஸ் போல்டர் எங்கேயென்று பார்த்துவிட்டே அடுத்ததைத் தட்டுங்கள். மற்றது, வட்டை மறையாக்கிப் பூட்டும் பிட்லொக்கர் இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அதை இப்போதே கடதாசியில் எழுதி வையுங்கள்.

எச்சரிக்கை வரும் இடம் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற போல்டர் என்றால் அது, கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்து வைக்கும் ரிஸ்டோர் பொயிண்டில் உறைந்து கிடக்கும் பழைய பிரதி. நீங்கள் அந்தத் திகதிக்குத் திரும்பினால்தான் உயிர் பெறும். கணினி சுத்தமான பிறகு சிஸ்டம் புரொடெக்ஷனை ஒருமுறை நிறுத்திப் போட்டால் பழைய பொயிண்டுகள் எல்லாம் போய்விடும்.

போர்மட் அடிப்பதா? பெரும்பாலும் தேவையில்லை. நம் ஊரில் அது கழிப்புக் கழிப்பது மாதிரி ஆகிவிட்டது: என்ன நோய் என்று பாராமலே எல்லாவற்றுக்கும் அதே சடங்கு. ஆயுதபூசைக்குக் கணினிக்குச் சந்தனப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சந்தனம் ஒரு கோப்பையும் அழிப்பதில்லை. காரணம் தெரியாத போர்மட் உங்கள் பிள்ளையின் ஏ/எல் குறிப்புகளை அழித்துவிடும். ஆனால் சாலிட்டி, வைரட், ரம்னிட் போன்ற கோப்புத் தொற்றிகள் வந்தால் சடங்கே சரி. அவை கண்ணில் பட்ட எக்ஸி கோப்புகளுக்குள்ளெல்லாம் தம்மை எழுதிவிடும். வைரட் எழுதிய சில கோப்புகள் சுத்தமாக்கிய பிறகும் ஓடாது.

அப்போதும் 'போர்மட் அடித்தும் வந்துவிட்டதே' என்ற புலம்பல் கேட்கும். சியை மட்டும் அழித்து, டியைத் தொடாமல் விடுவதுதான் காரணம். டியில் டிரைவர்கள், பழைய நிறுவிகள் எல்லாம் தொற்றோடு இருக்கும். புது விண்டோஸ் ஏறியதும் முதல் வேலையாக அங்கிருந்து பிரிண்டர் நிறுவியை இரட்டைச் சொடுக்குகிறார்கள், வைரஸ் வந்த வழியே திரும்ப வருகிறது. படங்கள், பிடிஎஃப், பாடக் குறிப்புகளை எடுத்து வையுங்கள். எக்ஸி, எஸ்சிஆர், டிஎல்எல், குறுக்குவழிக் கோப்புகள், ரம்னிட் என்றால் எச்டிஎம்எல் கோப்புகள்கூட, ஒன்றையும் எடுக்காதீர்கள். பென் டிரைவையும் அதே கண்ணோடு பாருங்கள். பிரிண்டர் நிறுவியை அதைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளலாம்.