கமிஷன்: தரகா, ஆணையமா, வரைவிப்பா?

காமிக்ஸ் மாநாடுகளில் ஓவியர்கள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. ஆர்ட்டிஸ்ட் ஆலி என்பார்கள். அங்கே பல மேசைகளில் ‘கமிஷன் ஏற்கப்படும்’ அல்லது ‘கமிஷன் முடிந்தது’ என்று ஓர் அட்டை நிற்கும். நம் காதுக்கு அது முதலில் தரகுப் பணமாகத்தான் கேட்கும். யார் யாருக்கு எத்தனை சதவீதம் கொடுக்கிறார்கள் என்று யோசிக்கத் தோன்றும். அங்கே அந்தச் சொல் குறிப்பது வேறு. நாம் கேட்கும் பாத்திரத்தை, கேட்கும் அளவில், பேசிக்கொண்ட தொகைக்கு அந்த ஓவியர் நமக்கென்று புதிதாக வரைந்து தருவதுதான் இந்தக் கமிஷன்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘மித்தெரெ’ என்றால் அனுப்புதல். அதோடு ‘கூட’ என்று பொருள்படும் முன்னொட்டுச் சேர்ந்து ‘கொம்மித்தெரெ’ ஆனது. இதற்கு ஒருவரை நம்பி ஒன்றை ஒப்படைத்தல் என்று பொருள். மிஷன், பெர்மிஷன், கமிட்டி எல்லாம் இதே குடும்பம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த கமிஷன், ஒப்படைத்தல் என்ற அந்த ஒரே கருவிலிருந்து பல பக்கம் கிளைத்தது. அதிகாரத்தை ஒப்படைத்தால் விசாரணை கமிஷன், போலீஸ் கமிஷனர். விற்கும் வேலையை ஒப்படைத்தால், விற்றுக் கொடுத்தவருக்கு அதற்காகத் தரும் பங்குக்கும் அதே பெயர். படம் வரையும் வேலையை ஒப்படைத்தால் ஓவியர் மேசையில் இருக்கும் கமிஷன்.

தமிழில் முதல் இரண்டும் நன்றாகக் குடியேறிவிட்டன. ஆணையம், ஆணையர், தரகு என்று அவற்றுக்குத் தமிழ்ச் சொற்களும் புழங்குகின்றன. மூன்றாவதுதான் அந்தரத்தில் நிற்கிறது. அதுவும் குழப்பம் வரக்கூடிய இடத்தில். பெயர்பெற்ற ஓவியர்கள் பலருக்கு முகவர்கள் உண்டு. படக் கோரிக்கைகளை அவர்கள்தான் வாங்கி வைப்பார்கள், பணத்தையும் வாங்குவார்கள், தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஓவியரிடம் தருவார்கள். கமிஷனுக்குக் கமிஷன்! இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் வாசிக்கிறவர் பாடு திண்டாட்டம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஆர்டர் கொடுத்து வரைந்தது’ என்று பேச்சில் சொல்லிவிடுகிறோம். ‘சொல்லிச் செய்த நகை’ என்பது போல ‘சொல்லி வரைந்த படம்’ என்றும் சொல்லலாம். பேச்சுக்கு இவை போதும். ஆனால் அட்டையில் எழுத, ரசீதில் எழுத ஒரு பெயர்ச்சொல் வேண்டும். ‘ஆணை ஓவியம்’ என்றால் அரசாணை வாடை அடிக்கிறது. ‘பணிப்பு ஓவியம்’ பொருளில் சரிதான். ஆனால் ஓவியரிடம் போய் ஒருவர் ‘பணிக்கிறார்’ என்பது எனக்கு உறுத்துகிறது. அந்த மேசையில் உண்மையில் கேட்கிறவர்தான் பணிந்து நிற்பார்.

இந்த இடத்தில் தமிழ் இலக்கணமே கை கொடுக்கிறது. தான் செய்யாமல் இன்னொருவரைக் கொண்டு செய்விப்பதைக் காட்ட நம்மிடம் ‘வி’, ‘பி’ என்ற விகுதிகள் இருக்கின்றன. செய், செய்வி. நட, நடப்பி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் அந்தக் கோயிலை ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்கிறான். கல்லைச் சுமந்தவனும் செதுக்கியவனும் வேறு, எடுப்பித்தவன் அரசன். ஐரோப்பிய மொழிகள் ஒப்படைத்தல் என்று சுற்றி வந்து சொல்லும் உறவு, நம் வினைச்சொல்லில் ஓரெழுத்தில் அடங்கிவிடுகிறது. ஆகவே வரைவித்தல். பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் வரைவிப்பு. ‘வரைவிப்பு ஏற்கப்படும்’ என்று அட்டையில் எழுதிப் பார்த்தால் பொருள் சட்டென்று பிடிபடுகிறது. கேட்கிறவர் வரைவிப்பவர். அவரைக் கமிஷனர் என்று யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ‘வரைவு’ என்று சுருக்கிவிடவும் கூடாது. இன்றைக்கு அது சட்ட வரைவு. அகத்திணையிலோ வரைவு என்றால் திருமணம்!

வரைவிப்புக்கு முன்பணம் கேட்பது வழக்கம். அதற்கு அட்வான்ஸ் என்ற சொல்லைத் தேடிப் போக வேண்டாம், அச்சாரம் என்ற அழகான சொல் இருக்கிறது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஆண்டுதோறும் நடக்கும் காமிக்ஸ் மாநாடு பெயர்பெற்றது. 1970இல் அது முதல்முறை நடந்தபோது வந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர். இப்போது அங்கே லட்சத்துக்கும் மேல். இப்படிக் கூட்டம் பெருகிய பிறகு பல ஓவியர்களின் பட்டியல் முதல் நாள் காலையிலேயே நிரம்பிவிடுகிறது. சிலர் மாநாட்டுக்கு முன்பே பெயர்களை வாங்கி முடித்துவிடுகிறார்கள்.

அதே மேசையில் இன்னொரு சொல்லும் அடிபடும்: ஒரிஜினல். இதற்கு அசல் என்பதே போதும். அரபியிலிருந்து வந்திருந்தாலும் வட்டியோடு சேர்ந்து நம் மொழியில் ஊறிப்போன சொல் அது. காமிக்ஸில் அசல் என்றால் அச்சுக்குப் போவதற்காக ஓவியர் கையால் வரைந்த தாள். அமெரிக்கக் காமிக்ஸில் பெரும்பாலும் 11க்கு 17 அங்குல அட்டையில் வரைவார்கள், அச்சில் அது சுருங்கும். 1960களின் பின்பாதி வரைக்கும் தாள் இதைவிடப் பெரியது. வெள்ளை மை பூசி மறைத்த கோடுகள், ஓரத்தில் ஆசிரியர் குழுவின் குறிப்புகள், ஒட்டிய வசனத் துண்டுகள் எல்லாம் அதில் அப்படியே தெரியும். நான் அசலை விரும்புவதற்கு இந்த அழுக்கே முதல் காரணம்.

அன்றைய பதிப்பகங்களுக்கு இவை வேலை முடிந்த கழிவுத் தாள்கள். பல அழிந்தன, பல யார் யார் கைக்கோ போயின. 1970களில்தான் மார்வெல், டிசி ஆகிய அமெரிக்கப் பதிப்பகங்கள் வரைந்தவர்களிடமே தாள்களைத் திருப்பித் தரும் வழக்கத்துக்கு வந்தன. மார்வெலுக்கு வரைந்த ஓவியர் ஜாக் கிர்பி நெடுநாள் போராடிய பிறகு 1987இல் அவருக்குத் திரும்பி வந்தவை சுமார் 1,900 பக்கங்கள். அவர் வரைந்ததில் அது சிறு பங்குதான். தாள் ஓவியரிடம் வந்ததால்தான் இன்று அவர் அதை மேசையில் வைத்து விற்க முடிகிறது. 1984இல் வெளியான மார்வெலின் ‘சீக்ரெட் வார்ஸ்’ தொடரின் 8ஆம் இதழுக்கு மைக் ஸெக் வரைந்த ஒரு பக்கம், ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை வரும் பக்கம், 2022 ஜனவரியில் 33.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கதையில் இடம்பெற்ற பக்கத்துக்கு இருக்கும் மதிப்பு வரைவிப்புக்குப் பொதுவாக இருக்காது. ஒரே ஓவியர், ஒரே அளவு என்றாலும் அப்படித்தான்.

அசலை வாங்கினாலும் வரைவித்தாலும் கைக்கு வருவது தாள் மட்டும். பதிப்புரிமை அதோடு சேர்ந்து வராது. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பொருள் யாருடையது என்பதையும் பதிப்புரிமை யாருடையது என்பதையும் தனித்தனியாகவே பார்க்கிறது. சுவரில் மாட்டலாம், விற்கலாம். சட்டையில் அச்சடித்துக் கடை போட முடியாது. புகழ்பெற்ற பாத்திரம் என்றால் அது பதிப்பகத்தின் சொத்து. ஒருவருக்காக வரையும் ஒற்றைப் படத்தைப் பதிப்பகங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான்.

கணினியில் வரைகிறவர்கள் வந்த பிறகு அசல் என்ற சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படுகிறது. முழுக்கத் திரையில் வரைந்த பக்கத்துக்கு அசல் தாளே கிடையாது. அங்கே கிடைப்பது அச்சுப்படி, அதில் கையெழுத்துப் போட்டாலும் அச்சுப்படிதான். இடையில் ஒரு வகையும் உண்டு. பென்சில் வேலையைத் திரையில் முடித்து, அதை வெளிர்நீலக் கோடுகளாக அட்டையில் அச்சிட்டு, மேலே கையால் மை போடுவார்கள். மை மட்டும் அசல். விலை பேசும் முன் “பென்சிலும் இந்தத் தாளில்தானே போட்டீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். ஓவியர்களுக்கு இது பழகிய கேள்விதான்.